பார்க்கிறேன்.

வூச் நகரத்து டிராம் பணிமனையில்
முப்பத்தோரு குளிர்காலம் எனக்கு.
ஷிப்டுத் தலைவி போகுமிவா வருகிறாள் என்றால்
பழைய ஓட்டுநர்கள் சிகரெட்டை ஒளிப்பார்கள்.
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த விட்டோல்ட்
மேசையில் ஓங்கிக் குத்துவார்,
காப்பிக் கோப்பைகள் துள்ளும்.
அவர் ஓய்வு பெற்றதும் நாற்காலியோடு சேர்த்து
அந்தக் குத்தையும் எடுத்துக்கொண்டேன்.
அறுபது பேர் அதற்கு அசைந்தார்கள்.

பிறகு இவர்கள் வந்தார்கள்.
திட்டினால் தலை குனிவதில்லை,
எதிர்த்துப் பேசுவதுமில்லை.
சரி என்கிறார்கள்; மாதக் கடைசியில்
ராஜினாமா வருகிறது, நன்றி என்று முடிந்து.
இலையுதிர் காலத்தில் மட்டும் நான்கு பேர்.

தலைமையகம் என்னைப் பயிற்சிக்கு அனுப்பியது.
குறை சொல்லுமுன் ஒரு பாராட்டு,
சொன்ன பின் இன்னொரு பாராட்டு,
மாத்திரைக்கு இருபக்கமும் சர்க்கரை.
மறுநாளே க்ஸவேரியிடம் முயன்றேன்:
"உன் சட்டை நன்றாக இருக்கிறது.
பிரேக்குக்கு மணல் நிரப்ப மறந்துவிட்டாய்.
தலைமுடியும் நன்றாக இருக்கிறது."
டாக்டரைப் பாருங்கள் என்றான்,
உண்மையான அக்கறையோடு.

ஜனவரியில் டிமோன், ஒர்க்‌ஷாப் பையன்,
கதவுக்குள் பாதி உடம்போடு நின்றான்.
"என்மேல் கோபமா?"
இல்லையே, ஏன்?
"எல்லாச் செய்தியிலும் புள்ளி வைக்கிறீர்கள்."
கைப்பேசியைக் காட்டினான்.
வா.
சரி.
நாளை ஐந்து மணி.
வாக்கியம் முடிந்தால் புள்ளி, தம்பி;
கோபமில்லை, இலக்கணம்.
சிரித்து அனுப்பிவிட்டு
தொட்டாற்சிணுங்கிகள் என்று முணுமுணுத்தேன்.

பிப்ரவரி பதினொன்று, விடிய நேரமிருந்தது.
மைனஸ் பதினேழு.
யாகோதா ஓட்டிய வண்டி
கிளைத்தடத்தில் திசை தவறி
தண்டவாளத்தை விட்டு இறங்கி நின்றது.
யாருக்கும் அடியில்லை;
ஒரு பெண்மணியின் முட்டைகளைத் தவிர.

போகும் வழியெல்லாம் வசவுகளை அடுக்கினேன்.
முதல் வரி தயார்: கண்ணை எங்கே வைத்திருந்தாய்?
அவள் பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு
பனியில் தனியாக நின்றிருந்தாள்.
கையுறையைப் பல்லால் கழற்றி
கைப்பேசியை நீட்டினாள், ஒன்றும் சொல்லாமல்.

ஜனவரி இருபத்தெட்டு. அவள் எழுதியது:
இந்த முனையில் ஸ்விட்ச் விளக்கைப் பனி மூடுகிறது
எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று தெரியவில்லை
மேலே ஒரு தகடு அடித்தால் போதும்
கீழே நான்:
பார்க்கிறேன்.

அந்தப் புள்ளியையே பார்த்து நின்றேன்.
டிமோன் சொன்னது தப்பு.
அதில் கோபம் இல்லை.
கோபமாவது இருந்திருந்தால்
சண்டை போடவாவது அந்த முனைக்குப் போயிருப்பேன்.
விஷயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்
என் பெயரை எழுதினேன்
காலைக் கூட்டத்தில் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்
மேசைமேல் கையை வைத்தேன்
பழக்கத்தில் இரண்டு பேர்
கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்
அவள் சொல்லியிருந்தாள், நான் போகவில்லை
என்றேன்
ஹீட்டர் மட்டும் ஓடியது
பிறகு க்ஸவேரி: மற்ற விளக்குகள்?
டிமோன் அதற்குள் ஏணியெடுக்கப் போய்விட்டான்
யாரைக் கேட்டு என்பது நுனிநாக்குவரை வந்தது
விழுங்கினேன்
முள்போல் இறங்கியது

மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்
வியாழக்கிழமைகூடக் கத்தினேன்
கொஞ்சம் மெதுவாக மறுபடி சொல்லுங்கள்
காரணத்தையும் சேர்த்து, என்றாள் யாகோதா
சொல்லத் தொடங்கினேன்
பாதியில் காரணம் தீர்ந்துபோனது
இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்

இன்று கடைசி விளக்கு
ஏணியில் நான், கீழே பிடித்திருப்பவன் டிமோன்
மூக்கில் பனி
பாக்கெட்டில் கைப்பேசி அதிர்கிறது
தெருமுனை வளைவிலிருந்து யாகோதா:
அங்கிருந்து விளக்கு தெரிகிறதா
சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கி
ஒற்றை விரலால் தட்டுகிறேன்
பார்க்கிறேன்